ஆய்விதழ்த் தளங்களின் மந்தகதி: நிதானமும் பரிஹாரமும்

இணையவழி ஆய்விதழொன்று மெதுவாகத் திறக்கிறது என்று வாசகர் குறை கூறுமிடத்து, அக்குறை ஒரே சொல்லால் சொல்லப்பட்டாலும் ஒரே காரணத்தால் விளைந்ததன்று. முகப்புப் பக்கமே தாமதித்து வரலாம். முகப்பு விரைந்து வந்து, கட்டுரையின் பி.டி.எஃப். மட்டும் வராமல் நிற்கலாம். வாசகருக்கு ஒரு தடையும் இல்லாதிருக்க, பதிப்பாசிரியர் உள்ளே புகுந்து கட்டுரைப் பட்டியலைத் திறக்கும்போது மாத்திரம் நிமிஷக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அன்றி நாள் முழுதும் செவ்வனே நடந்து, குறித்த ஒரு வேளையில் தளம் மூர்ச்சித்துக் கிடக்கலாம். ஆயுர்வேதத்தில் நோயின் மூலத்தை ஆராயும் பகுதிக்கு நிதானம் என்று பெயர். சிகித்ஸை அதன்பின் வருவது. ஆய்விதழ்த் தளங்களை நிர்வஹிப்போரில் பலர் இம்முறையை மாற்றி, ஸர்வரின் நினைவகத்தைப் பெருக்குவதே மருந்தென்று கொண்டு முதலில் பணத்தைச் செலவிடுகின்றனர். மந்தம் அப்பணத்தால் தீராதபோது இதழையே கைவிடும் எண்ணம் தலைதூக்குகிறது.

இப்பயம் வீணான பயமன்று. 2000-ஆம் ஆண்டு முதல் 2019 வரையுள்ள காலத்தில், யாவரும் இலவசமாகப் படிக்கும்படி வெளிவந்த 174 ஆய்விதழ்கள் இணையத்திலிருந்து மறைந்துபோயின என்று லாக்ஸோ முதலிய ஆய்வாளர் மூவர் கணக்கெடுத்து வெளியிட்டனர். ஓலையைச் செல்லரித்தால் வேறோர் ஊரில் வேறொரு பிரதி கிடைக்கக்கூடும். ஒரே ஸர்வரில் மட்டும் இருந்த இதழ் அணைந்தால் அவ்வாறு தேடவும் இடமில்லை. ஆகையாலே தளத்தின் வேகம் என்பதைச் சௌகர்ய விஷயமாக மட்டும் கருதலாகாது.

இங்கு ஓபன் ஜர்னல் ஸிஸ்டம்ஸ், சுருக்கமாக ஓ.ஜே.எஸ். என்னும் மென்பொருளை முன்னிட்டே விஷயம் ஆராயப்படுகிறது. கனடா தேசத்து பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஜான் வில்லின்ஸ்கி என்பார் 1998-இல் தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் ப்ராஜெக்ட் என்னும் திட்டத்தின் படைப்பு இது. எவரும் விலையின்றி எடுத்து நிறுவிக்கொள்ளலாம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 25,000-க்கு மேற்பட்ட இதழ்கள் இதனைக் கொண்டு நடந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை செல்வ நாடுகளுக்கு வெளியே உள்ளவை. ஒரு துறைப் பேராசிரியர் இருவரும் ஒரு பகுதிநேரக் கணினி உதவியாளரும் சேர்ந்து நடத்தும் இதழ்களே இவற்றுள் அதிகம். நோயை அறியும் உபாயம் அத்தகையோர்க்கே மிகவும் வேண்டுவது.

வாசகர் ஒரு கட்டுரையின் முகவரியைத் தொட்டவுடன் நிகழ்வது யாதெனில்: அவ்வேண்டுகோள் முதலில் வலை ஸர்வரை அடைகிறது. அது பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட ஓ.ஜே.எஸ்.ஸை இயக்குகிறது. அது தரவுத்தளத்தைப் பலமுறை வினவி, தலைப்பு, ஆசிரியர், சுருக்கம், முந்தைய இதழ்கள் எல்லாவற்றையும் பெற்று, பக்கமாகக் கோத்து அனுப்புகிறது. பக்கம் வந்தபின் அதிலுள்ள படங்கள், எழுத்துருக்கள் முதலியவை தனித்தனியே வேண்டப்படுகின்றன. இவ்வரிசையில் எவ்விடத்தில் காலம் கழிகிறது என்பதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டா. எந்த உலாவியிலும் டெவலப்பர் டூல்ஸ் என்னும் பகுதியில் நெட்வர்க் என்ற பலகை உண்டு. அதில் முதல் வரியைப் பார்க்க வேண்டும். முதல் பைட் வருவதற்கே நாலைந்து விநாடி ஆயிற்றென்றால் குறை ஸர்வரின் உள்ளே இருக்கிறது. முதல் பைட் அரை விநாடியில் வந்து, பின்வரும் வரிகள் நீண்டு கிடந்தால் குறை படங்களிலும் கோப்புகளிலும் இருக்கிறது. ஜேகப் நீல்ஸன் என்னும் அறிஞர் 1993-இல் எடுத்துக்காட்டியபடி, ஒரு விநாடிக்குள் விடை வந்தால் மனிதரின் எண்ண ஓட்டம் அறுபடுவதில்லை. பத்து விநாடியைக் கடந்தால் கவனம் வேறிடம் சென்றுவிடுகிறது.

படங்களால் வரும் மந்தம் எளிதில் தீர்வது. இதழின் அட்டைப்படத்தை அச்சகத்துக்கு அனுப்பிய அளவிலேயே தளத்திலும் ஏற்றிவிடுவதே இதன் பொதுவான காரணம். எட்டு மெகாபைட் உள்ள படத்தை இருநூறு கிலோபைட்டாகச் சுருக்கினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. ஸ்கான் செய்த பழைய இதழ்களின் பி.டி.எஃப். கோப்புகளுக்கும் இது பொருந்தும். ஆயினும் அவற்றைச் சுருக்குமுன் மூலக் கோப்பை வேறிடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். சுவடியின் படமாயின் சுருக்கியதில் புள்ளியும் சுழியும் மழுங்கிப் பாடபேதத்துக்கே இடமுண்டாகும்.

குறை ஸர்வரின் உள்ளே என்று தெளிந்தால் ஆராய்ச்சி நீளுகிறது. பி.எச்.பி. நிரல்கள் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிதாகப் படிக்கப்பட்டு மொழிமாற்றம் செய்யப்படுவது அதன் இயல்பு. ஒருமுறை மாற்றியதை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஆப்கேஷ் என்னும் அமைப்பு 2013-இல் வெளிவந்த பி.எச்.பி. 5.5 முதல் உடன்வருகிறது. அது அணைந்துகிடக்கும் ஸர்வர்கள் இன்றும் உண்டு. அதை இயக்குவது ஒரு வரி மாற்றம். ஆனால் பயன் பெரிது.

அடுத்தது ஒரே நேரத்தில் எத்தனை பி.எச்.பி. செயல்கள் நடக்கலாம் என்னும் வரம்பு. இவ்விடத்தில் ஓர் ஆக்ஷேபம் எழுவதுண்டு: வாசகர் பலர் வந்து காத்திருக்கின்றனர் என்றால், வரம்பை முப்பதிலிருந்து நூறாக உயர்த்தினால் போதாதோ என்னில், போதாது, தீங்கும் விளையும். உதாரணமாக, ஸர்வரில் 4 ஜிகாபைட் நினைவகம் உண்டென்றும், தரவுத்தளத்துக்கும் இயக்குதளத்துக்குமாக ஒன்றரை ஜிகாபைட் போனதென்றும் கொள்வோம். எஞ்சியது 2,560 மெகாபைட். ஒரு செயல் 80 மெகாபைட் கொள்ளுமாயின் 32 செயல்களுக்கே இடமுண்டு. நூறு செயல்கள் எழுந்தால் 8,000 மெகாபைட் வேண்டும். இல்லாத நினைவகத்துக்கு ஈடாகக் கணினி வட்டில் எழுதிப் படிக்கத் தொடங்கும். அப்போது காத்திருந்த எழுபது பேரோடு, முன்பு விரைவாகப் பெற்றுக்கொண்டிருந்த முப்பது பேரும் சேர்ந்து நிற்பர்.

தரவுத்தளத்தைப் பற்றிச் சொல்லுமிடத்து, மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துவோர் இன்னோடிபி பஃபர் பூல் என்னும் அளவை முதலில் பார்க்க வேண்டும். அடிக்கடி வேண்டப்படும் தரவுகளை நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும் இடம் அது. மாற்றாமல் விட்டால் பெரும்பாலான பதிப்புகளில் 128 மெகாபைட்டாகவே இருக்கும். தரவுத்தளம் இரண்டு ஜிகாபைட்டாக வளர்ந்த இதழுக்கு அது சிறு கிண்ணம். பின்னர் மெதுவான வினவல்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டைத் திறக்க வேண்டும். அதன் இயல்பான எல்லை பத்து விநாடி. அதை ஒரு விநாடியாகக் குறைத்து ஒரு நாள் ஓடவிட்டால், எந்த வினவல் எத்தனைமுறை வருத்துகிறது என்பது எழுத்துமூலமாகவே கிடைத்துவிடும். ஊகத்துக்கு இடமில்லை.

அப்பதிவேட்டில் அடிக்கடி தலைகாட்டும் அட்டவணைகள் சில. ஒன்று வாசகர் வருகைக் கணக்கு. 3.4-க்கு முந்தைய பதிப்புகளில் எல்லாக் கணக்கும் ஒரே அட்டவணையில், கட்டுரைதோறும் நாள்தோறும் தேசந்தோறும் ஒரு வரியாகச் சேர்ந்துகொண்டே போயிற்று. பத்தாண்டு நடந்த இதழில் அது பிற அட்டவணைகள் அனைத்தையும் விடப் பெரிதாகிவிடும். அழித்துவிடலாமே என்பர் சிலர். அது கூடாது. கட்டுரை எழுதியவர் தம் பதவி உயர்வுக்கு அக்கணக்கைக் காட்டவேண்டியவராயிருக்கலாம். இதழும் தன் பயனை நிரூபிக்க வேறு சாட்சி இல்லாதிருக்கலாம். 3.4-ஆம் பதிப்பில் இவ்வட்டவணை பலவாகப் பிரிக்கப்பட்டு, மாதக் கணக்கைத் தொகுத்தபின் நாட்கணக்கை நீக்கிக்கொள்ளவும் வழி செய்யப்பட்டது. அப்பதிப்புக்கு மாறுவதே நேர்வழி. மற்றொன்று ஸெஷன் அட்டவணை. வருவோர் ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு வரி எழுதப்படும். வந்தது மனிதரோ இயந்திரமோ என்று அது பாராது. இலட்சக்கணக்கில் தேங்கிய பழைய வரிகளைக் கழிப்பதால் இழப்பொன்றும் இல்லை. அப்போது உள்ளே இருப்போர் மறுபடி கடவுச்சொல் இட நேரும், அவ்வளவே. பொய்ப் பெயரில் பதிவு செய்துகொள்ளும் கணக்குகளும் இவ்வினமே.

இனி, குறித்த வேளையில் மட்டும் தளம் மயங்குவதன் காரணம் கூறப்படுகிறது. இது பலரும் காணத் தவறுவது. ஓ.ஜே.எஸ்.ஸில் அன்றாடம் தானாக நடக்கவேண்டிய பணிகள் பல உண்டு: மதிப்பீட்டாளருக்கு நினைவூட்டுக் கடிதம் அனுப்புதல், முந்தைய நாளின் வருகைப் பதிவைப் படித்துக் கணக்காக்குதல், டி.ஓ.ஐ. எண்களைப் பதிவு செய்தல் முதலியன. இவற்றை வேளைக்கு எழுப்ப ஸர்வரில் க்ரான் என்னும் அமைப்பு உண்டு. அதை அமைக்கத் தெரியாத, அல்லது அமைக்க அனுமதியில்லாத சிறு இதழ்களுக்காக, ஏக்ரான் என்னும் செருகுநிரல் சேர்க்கப்பட்டது. எவரேனும் ஒரு வாசகர் பக்கத்தைத் திறக்கும்போது, வேளை வந்த பணிகள் அவ்வேண்டுகோளை ஒட்டியே நடந்துவிடும். ஏழை இதழுக்கு இது உபகாரமே. ஆயினும் பெரிய இதழில், ஒரு நாளின் பதிவேடு நூறு மெகாபைட்டாக இருக்கும்போது, அதைப் படித்துக் கணக்காக்கும் பாரம் முழுதும் கட்டுரை படிக்க வந்த எவரோ ஒருவரின் வேண்டுகோள்மேல் ஏறுகிறது. அச்செயல் காலவரம்பைக் கடந்து பாதியில் அறுபட்டால் பதிவேடு பாதியில் நிற்கும். அடுத்த நாள் அதோடு புதியதும் சேரும். கணக்கும் வராது, தளமும் நகராது. பரிஹாரம், ஏக்ரானை அணைத்துவிட்டு, ஸர்வரின் க்ரான் வழியாக அப்பணிகளை இரவில் தனியே நடத்துவது. 3.4 முதல் பணிவரிசை என்ற ஓர் அமைப்பும் வந்தது. மின்னஞ்சல், தேடல் அட்டவணையாக்கம் போன்றவை அதில் வரிசையாக நின்று, இயல்பான அமைப்பில் வாசகரின் வேண்டுகோள் முடியும் தறுவாயில் சில சிலவாக நடத்தப்படும். அதையும் அவ்வாறே பிரித்துத் தனிச்செயலிடம் ஒப்படைக்கலாம். அவ்வாறு பிரித்தபின் அத்தனிச்செயல் உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பவர் ஒருவர் வேண்டும். அது நின்றுபோனால் தளம் மிக விரைவாகவே இருக்கும். ஆனால் ஒரு கடிதமும் போகாது.

தேடல் விஷயத்தில் தமிழ் இதழ்களுக்குத் தனியே ஒரு சங்கடம் உண்டு. கட்டுரையின் பி.டி.எஃப்.பிலிருந்து சொற்களைப் பிரித்தெடுத்து, சொல்தோறும் ஒரு வரியாகத் தரவுத்தளத்தில் வைத்தே ஓ.ஜே.எஸ். தேடுகிறது. யூனிகோடு வருமுன் வழங்கிய பழைய எழுத்துருக்களில் அமைத்த பி.டி.எஃப். ஆயின், கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றுவது கணினிக்கு ரோமன் எழுத்துக்களின் குப்பையாகவே தெரியும். அக்குப்பைச் சொற்கள் இலட்சக்கணக்கில் அட்டவணையில் ஏறி இடத்தை அடைக்கும். அவற்றால் ஒரு சொல்லும் தேடிக் கிடைக்காது. வியாக்யானக் கட்டுரைகளில் ஸந்தி சேர்ந்து நீண்ட தொடர்களும், ஒரே சொல்லைக் கிரந்த எழுத்திட்டும் இடாமலும் எழுதும் வழக்கமும் சேர்ந்து சொற்பட்டியலை மேலும் பெருக்கும். பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தேடல் அட்டவணையை மறுபடி கட்டுவது ஒரு வழி. மாற்ற இயலாதவற்றின் முழுப்பாடத்தை அட்டவணையில் சேர்க்காமல், தலைப்பும் சுருக்கமும் மட்டும் யூனிகோடில் தருவது மற்றொரு வழி. இரண்டாவதால் தேடலின் பயன் குறைவதில்லை. முன்னரே இல்லாத பயன் அது.

மேற்கூறிய யாவற்றையும் செய்தபின்னும் தளம் மயங்குமாயின், வலை ஸர்வரின் வருகைப் பதிவேட்டை எடுத்து, எந்த முகவரிகளை யார் வேண்டுகின்றனர் என்று எண்ண வேண்டும். அண்மைக் காலத்தில் அவ்வாறு எண்ணியோர் கண்டது, வாசகரைக் காட்டிலும் இயந்திரங்களே மிகுதி என்பது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்குப் பாடம் திரட்டும் தானியங்கி நிரல்கள் இவற்றுள் முக்கியமானவை. விக்கிமீடியா நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட கணக்கின்படி, பக்கப் பார்வைகளில் ஏறக்குறைய 35 விழுக்காடே தானியங்கிகளுடையவை. ஆனால் அதிகச் செலவு வைக்கும் வேண்டுகோள்களில் 65 விழுக்காடு அவற்றுடையவை. மனிதர் விரும்புவதையே பலரும் விரும்புவர். அது தற்காலிக நினைவகத்தில் ஆயத்தமாக இருக்கும். இயந்திரமோ ஒருவரும் திறவாத மூலைகளையெல்லாம் திறக்கும். ஓ.ஜே.எஸ்.ஸில் அம்மூலை தேடல் பக்கம். ஆசிரியர், தொடக்க ஆண்டு, முடிவாண்டு என்று மாற்றி மாற்றி அமைத்தால் முகவரிகளுக்கு எல்லையில்லை. முன் சொன்ன கணக்கையே கொண்டால், ஒரு தேடலுக்கு ஆறு விநாடி ஆகும்போது, விநாடிக்கு ஐந்து தேடல்கள் வந்தாலே முப்பது செயல்களும் அடைபட்டுவிடும். ஐந்து என்பது இயந்திரத்துக்கு ஒரு பொருட்டன்று.

அவற்றைத் தடுத்துவிடுவதே தீர்வு என்னில், எங்ஙனம் தடுப்பது, யாரைத் தடுப்பது என்பவை விசாரிக்கத்தக்கன. ரோபாட்ஸ் டெக்ஸ்ட் என்னும் கோப்பில் இன்ன இடத்துக்கு வாராதே என்று எழுதிவைக்கும் மரபு 1994-இல் மார்ட்டின் காஸ்டர் என்பாரால் ஏற்பட்டு, 2022-இல் முறையான தரநிலையாயிற்று. ஆயினும் அது வேண்டுகோளே; பூட்டன்று. மதிப்பவர் மதிப்பர். தேடல் பக்கத்தை அதில் விலக்கிவைப்பது முதற்பணி, நல்லியந்திரங்கள் அதனால் விலகும். மதியாதவற்றை ஐ.பி. முகவரியைக் கொண்டு தடுக்கலாமென்றால், அவை ஆயிரக்கணக்கான வீட்டு இணைப்புகளின் முகவரிகளிலிருந்து, முகவரிக்கு ஒன்றிரண்டு வேண்டுகோளாக வருகின்றன. ஆகவே தேசத்தையே தடுக்கும் எண்ணம் சிலருக்குத் தோன்றுகிறது. அத்தேசத்தில் அவ்விதழைப் படிக்கும் மாணவன் ஒருவனேனும் இருப்பானாயின், யாவர்க்கும் திறந்தது என்று இதழின் முகப்பில் எழுதிய வாசகம் அவனளவில் பொய்யாகிவிடுகிறது.

இதனினும் நுட்பமான தீங்கு வேறொன்று. இயந்திரம் என்ற பெயரால் எல்லாவற்றையும் விலக்கினால், உபகாரம் செய்யும் இயந்திரங்களும் வெளியே நின்றுவிடும். கூகுள் ஸ்காலர் தன் இயந்திரத்தை அனுப்பியே கட்டுரைகளை அறிகிறது. ஓ.ஏ.ஐ.-பி.எம்.எச். என்னும் முறைப்படி நூலகங்கள் நூற்குறிப்புகளைத் திரட்டிச் செல்கின்றன. லாக்ஸ் என்னும் பாதுகாப்பு வலையமைப்பு இதழின் பிரதிகளைப் பல நூலகங்களில் சேமிப்பதும் இயந்திரத்தைக் கொண்டே. உலாவியைச் சிறு கணக்கொன்று போடச் செய்து, போட்டவரையே உள்ளே விடும் அனுபிஸ் போன்ற வாயிற்காப்பு நிரல்கள் இப்போது பரவியுள்ளன. அவற்றை விலக்கேதும் குறிக்காமல் நிறுவிய இதழ், வேகம் பெற்று, சில மாதங்களில் நூற்பட்டியல்களில் புதுக்கட்டுரை ஏறாமல் போவதைக் காணும். முற்கூறிய 174-இன் வழியும் அதுவே; பிரதி எடுப்பவர் வரவில்லை என்பதை ஸர்வர் அழியும் நாள்வரை ஒருவரும் அறிவதில்லை.

ஸமாதானம் யாதெனில், தடையை வருவோரைக் கொண்டு அமைப்பதினும் இடத்தைக் கொண்டு அமைப்பதே மேல். கட்டுரைப் பக்கமும் பி.டி.எஃப்.பும் ஓ.ஏ.ஐ. முகவரியும் லாக்ஸ் முகவரியும் திறந்திருக்கட்டும். தேடல் பக்கம், பதிவு செய்யும் பக்கம் இரண்டுக்கு மட்டும் காவல் வைக்கலாம். மிகையாக வேண்டுவோர்க்கு 429 என்னும் எண்ணுடன், சற்றுப் பொறுத்து வருக என்ற விடையை அனுப்பலாம். கூகுளின் இயந்திரம் அவ்வெண்ணைக் கண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் அவ்விடையே பல நாள் தொடர்ந்தால் அப்பக்கங்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்கவும் கூடும். கூகுளின் பெயரைப் போலியாகச் சூட்டிக்கொண்டு வருவனவும் உண்டு. முகவரியிலிருந்து பெயரையும், அப்பெயரிலிருந்து மறுபடி முகவரியையும் கேட்டு, இரண்டும் ஒத்தால் மெய்யென்று தெளியலாம்.

தற்காலிக நினைவகம் இன்னொரு துணை. ஒருமுறை கோத்த பக்கத்தை ஒரு மணி நேரம் வைத்திருந்து அடுத்து வருவோர்க்கு அப்படியே தருவது அது. ஓ.ஜே.எஸ்.ஸின் பல பதிப்புகளில் இவ்வசதி உண்டு, இயல்பாக அணைந்திருக்கும், உள்நுழையாதவர்க்கு மட்டுமே செல்லும். அவ்வெல்லை மிக முக்கியம். ஸர்வருக்கு வெளியே, ஸி.டி.என். போன்ற இடைநிலையில் நினைவகம் அமைப்போர் அவ்வெல்லையை மறந்து, எல்லாப் பக்கங்களையும் வைத்துக்கொள்ளும்படி அமைத்துவிட்டால், பதிப்பாசிரியருக்கென்று கோத்த பக்கம் வேறொருவருக்குப் போய்ச் சேரும். எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளரும், மதிப்பிட்டவர் யார் என்று எழுதியவரும் அறியாதிருப்பதில்தான் ஆய்விதழின் நம்பகம் நிற்கிறது. உள்நுழைவுக் குறி உள்ள எந்த வேண்டுகோளையும் நினைவகம் தொடாதபடி விதித்தபின்னரே அதை இயக்க வேண்டும். இடைநிலையிலிருந்தே பக்கம் தரப்படும்போது வருகைக் கணக்கு குறையும் என்பதையும் ஆசிரியர் குழுவுக்கு முன்னரே சொல்லிவிடுவது நல்லது.

பதிப்பை உயர்த்துவதாயினும், மேற்கூறியவற்றில் எதையேனும் மாற்றுவதாயினும், ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, முன்னும் பின்னும் அளந்து குறிக்க வேண்டும். மூன்றை ஒருங்கே மாற்றியவர்க்கு எது பயன் தந்தது, எது கெடுத்தது என்று பிரித்தறிய வழியிராது. அதற்குமுன் தரவுத்தளம், ஏற்றிய கோப்புகள் உள்ள அடைவு, அமைப்புக் கோப்பு ஆகிய மூன்றையும் பிரதி எடுக்க வேண்டும். தரவுத்தளத்தை மட்டும் எடுத்து அடைவை மறந்தால், கட்டுரைகளின் பெயர்கள் மீளும், கட்டுரைகள் மீளா. அப்பிரதியைக் கொண்டு வேறோர் இடத்தில் சோதனைத் தளம் எழுப்பி, மாற்றத்தை அங்கே செய்து பார்ப்பதே முறை. சோதனைத் தளத்தைத் திறக்குமுன், அதன் அமைப்புக் கோப்பில் மின்னஞ்சல் செல்லும் வழியையும், டி.ஓ.ஐ. பதிவையும், தானே எழும் பணிகளையும் அணைத்துவிட வேண்டும். அது மெய்யான மதிப்பீட்டாளரின் முகவரிகளைத் தாங்கிய பிரதி. அணைக்காமல் விட்டால், என்றோ முடிந்த மதிப்பீடுகளுக்கெல்லாம் அன்றிரவே நினைவூட்டுக் கடிதம் புறப்பட்டுவிடும்.